பழைய கலியாண கெசட்டை கொம்பியூட்டருக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு விசயம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

இன்பொக்ஸில் நிறையப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். ராத்தாமார் கேட்கிறார்கள், என்னிடம் படித்துவிட்டு இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். "டீச்சர், பழைய வீடியோ கெசட்டை கொம்பியூட்டருக்கு எடுத்துட்டம். பைல் சரியான பெரிசு. சிறிசாக்கினா முகமெல்லாம் கட்டம் கட்டமா வருது. என்ன செய்யிற?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி முடியவில்லை. எனவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பதில் சின்னது. சிறிதாக்க முன் படத்தில் உள்ள இரைச்சலைக் குறையுங்கள். அதையும் கொஞ்சமாகச் செய்யுங்கள். கெசட்டிலிருந்து முதலில் எடுத்த பிரதியை மட்டும் தொடவே வேண்டாம்.

இனி இது ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தக் கெசட்டுகள் எவ்வளவு பெறுமதியானவை என்பதை ஒரு தரம் யோசிப்போம். ரூபவாஹினி ஆரம்பித்தது 1982இல். அதே காலத்தில் சவூதிக்கும் குவைத்துக்கும் போன நம்மவர்கள் டீவியும் டெக்கும் கொண்டுவரத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் நம் வீடுகளில் கலியாணத்தையும் சுன்னத்தையும் வீடியோ எடுக்கும் வழக்கம் வந்தது. அப்படி எடுத்ததில் மிஞ்சியது எவ்வளவு? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்களுக்கு அல்பத்தையும் கெசட்டையும் எடுத்துக்கொண்டு வர வழி இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் நம் கரையோர வீடுகளுக்குள் கடல் வந்தபோது அலுமாரிகளோடு எல்லாம் போனது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் பல கெசட்டுகள், சம்மாந்துறையிலோ வேறு உள்ளூரிலோ சொந்தக்காரர் வீட்டில் தற்செயலாக இருந்த கொப்பிகள். உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அவையும் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. டெக் செய்துகொண்டிருந்த உலகின் கடைசிக் கம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது. ஆக, காலம் நம் பக்கம் இல்லை.

இன்னொரு விசயமும் உண்டு. கலியாண வீடியோ என்றால் பெண்கள் பக்கமும் அதில் இருக்கும். உம்மாமார், மாமிமார், அன்றைக்குக் குமராக இருந்து இன்றைக்குப் பேரப்பிள்ளை கண்டவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அதைக் கடையில் கொடுத்து முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதைப் பலர் விரும்புவதில்லை. அந்தத் தயக்கத்தாலேயே அலுமாரிக்குள் கிடந்து பழுதாகிப்போன கெசட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த வேலையை வீட்டிலேயே, நம் பிள்ளைகளே செய்துகொள்ளலாம். இந்தப் பதிவை எழுதுவதற்கு முக்கிய காரணமும் அதுதான்.

சரி, இரைச்சல் என்றால் என்ன? ஓ/எல்லுக்கு தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதத்திலேயே சொல்கிறேன்.

பழைய வீடியோவை ஓடவிட்டு ஒரு வெறும் சுவரைப் பாருங்கள். சுவர் அசையாது. ஆனால் அதன் மேல் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் இரைச்சல். மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் கமரா தானாகக் கூட்டிக்கொண்ட புள்ளிகள், நாடா பழுதடைந்ததால் வந்த புள்ளிகள், கொப்பியிலிருந்து கொப்பி எடுத்தபோது சேர்ந்தவை எல்லாம் அதில் இருக்கும். நம் கண் அதைத் தள்ளிவிட்டு மாப்பிள்ளையையும் பொண்ணையும் பார்த்துக்கொள்ளும். கொம்பியூட்டருக்கு அப்படித் தள்ளத் தெரியாது.

வீடியோவைச் சிறிதாக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது? வகுப்பில் நான் இடாப்பு கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். 40 பிள்ளைகள். ஒவ்வொரு நாளும் 40 பெயரையும் புதிதாக எழுதத் தேவையில்லை. "நேற்றுப் போலத்தான், இரண்டு பேர் மட்டும் வரவில்லை" என்று குறித்தால் போதும். மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த படத்துக்கு "முன்னையது போலத்தான், மௌலவியின் கை மட்டும் இந்தப் பக்கம் நகர்ந்தது" என்று குறிக்கிறது. ஒரு பெரிய பைல் சிறிதாவதில் பெரும் பங்கு இந்த வழியால்தான்.

இப்போது 40 பிள்ளைகளும் ஒவ்வொரு நாளும் இடம் மாறி உட்கார்ந்தால்? "நேற்றுப் போல" என்று எழுத முடியாது. ஒவ்வொரு நாளும் முழு இடாப்பையும் எழுத வேண்டும். இரைச்சல் உள்ள வீடியோவில் நடப்பது இதுதான். அசையாத சுவரும்கூட ஒவ்வொரு படத்திலும் புதிதாகத் தெரிகிறது. துடிக்கும் புள்ளிகளை முன்படத்தை வைத்து ஊகிக்க முடியாது, ஏனென்றால் அவற்றுக்கு ஒழுங்கே இல்லை. நாம் பைல் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால், இருக்கும் இடத்தைச் சுவரில் துடிக்கும் மணலுக்குக் கொடுத்துவிட்டு முகத்துக்கு மிச்சத்தைத்தான் கொடுக்கும். முகம் கட்டம் கட்டமாக வருவது அதனால்தான்.

ஒரு கணக்கும் பார்ப்போம். நம் நாட்டு முறையான பால் வீடியோவை கொம்பியூட்டருக்கு எடுத்தால் ஒரு படம் 720க்கு 576 புள்ளி. செக்கனுக்கு 25 படம். அதாவது செக்கனுக்கு ஒரு கோடியே 3 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். எதையும் சுருக்காமல் அப்படியே வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 75 ஜீபி அளவு வரும். 3 மணித்தியாலக் கெசட் என்றால் 220 ஜீபிக்கு மேல். இதை வட்ஸ்அப்பில் டொக்கியுமெண்டாக அனுப்பக்கூடிய 2 ஜீபிக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறக்க வேண்டும். அவ்வளவு குறைந்த இடத்தில் மணலையும் முகத்தையும் ஒன்றாக வைக்க முடியாது. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் மென்பொருள் தானாகத் தீர்மானிக்கும்.

இரைச்சலைக் குறைக்கும் பில்டர்கள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஒன்று, ஒரே படத்துக்குள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துச் சமப்படுத்துவது. இது கூடினால் படம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். மற்றது, அடுத்தடுத்த படங்களைப் பார்த்துச் சமப்படுத்துவது. சுவர் நாலு படத்திலும் அதே சுவர், புள்ளிகள் மட்டும் வேறு வேறு. நாலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுவர் அப்படியே இருக்கும், இரைச்சல் பாதியாகும். அசையாத காட்சிக்கு இது மிக நல்லது. அசையும் கைக்குப் பின்னால் மட்டும் நிழல் இழுபடும். நல்ல பில்டர்கள் அசைவைக் கண்டறிந்து அந்த இடத்தில் அடக்கமாக நடந்துகொள்ளும். ஆனால் எந்தப் பில்டருக்கும் ஒன்று மட்டும் தெரியாது. எது இரைச்சல், எது மனிதர் என்று அதற்குத் தெரியாது.

இதை எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் வீதியில் இருக்கும் ஒரு ராத்தா.

அவருடைய கணவர் மௌத்தாகி 16 வருடம். அல்லாஹ் அவருக்கு ஜன்னதுல் பிர்தௌஸைக் கொடுக்கட்டும். அவர் அசைந்து நடக்கும் காட்சி என்று உலகத்தில் இருப்பது 1993இல் எடுத்த அவர்களின் கலியாண வீடியோ மட்டும்தான். மகனுக்கு வாப்பா மௌத்தாகும்போது மூன்று வயது. இப்போது கட்டாரில் வேலை. அந்த வீடியோவை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ராத்தாவிடம் ஒரு சீடி இருந்தது. பல வருடத்துக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் கெசட்டிலிருந்து மாற்றியது. "இனி கெசட் தேவையில்ல, வீசலாம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல காலம், அவர் வீசவில்லை. பழைய சாரித் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

அந்த சீடியைப் போட்டுப் பார்த்தேன். வீசீடி முறையில் படம் 352க்கு 288 புள்ளி. அகலத்திலும் உயரத்திலும் பாதி. அதற்குள் இரைச்சலையும் அப்படியே திணித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பந்தலுக்குள் வரும் இடத்தில் பெண்கள் குரவை போடும் சத்தம் கேட்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறச் சதுரங்கள்தான் அசைகின்றன. மகனுக்கு இதைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

கெசட்டைத் திரும்ப எடுத்தோம். டெக்கின் தலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தபின், எதையும் இழக்காத முறையில் ஹாட் டிஸ்க்கில் இறக்கினேன். பிறகு மாப்பிள்ளை வரும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மூன்று விதமாகச் செய்து ராத்தாவின் முன்னால் வைத்தேன். மூன்றும் ஒரே பைல் அளவு. முதலாவதில் பில்டர் இல்லை. இரண்டாவதில் பில்டர் நன்றாகக் கூட்டியது. மூன்றாவதில் மெல்லியதாக.

முதலாவதில் கட்டங்கள். ராத்தா தலையை ஆட்டினார். இரண்டாவதைப் போட்டதும் பக்கத்தில் இருந்த மருமகள், "மாஷா அல்லாஹ், நேத்து எடுத்த மாதிரி கிளீனா இருக்கு" என்றார். ராத்தா ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், அவங்கட கன்னத்துல ஒரு தழும்பு இருக்குமே. சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தது. அது எங்க?"

நான் அந்தத் தழும்பைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பில்டருக்கும் தெரியாது. கன்னத்தில் ஒரு சின்னக் கோடு, வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கலாக. மணலோடு மணலாக அதையும் துடைத்துவிட்டது. மூன்றாவதைப் போட்டேன். சுவரில் கொஞ்சம் புள்ளி துடித்தது. அவர் பந்தலுக்குள் வந்து, வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். ராத்தா விரலால் திரையைத் தொட்டு, "இந்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மூன்றாவதைத்தான் கட்டாருக்கு அனுப்பினோம்.

அன்றிலிருந்து நான் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். பில்டரின் அளவைத் தீர்மானிக்கும்போது அந்த மனிதர்களை நேரில் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு புள்ளி குறைந்தது என்று நான் சொல்லலாம். அவர் இன்னும் அவராக இருக்கிறாரா என்று வீட்டார்தான் சொல்ல முடியும்.

இதனால்தான் இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். பழைய முகத்தை ஏஐ மூலம் "தெளிவாக்கித் தரும்" அப்கள் இப்போது நிறைய உண்டு. விஎச்எஸ் நாடாவில் ஒரு வரிக்கு 240 அளவு விவரம்தான் இருக்கும். அதில் இல்லாத கண்ணிமையையும் பல்லையும் அந்த அப் எங்கிருந்து எடுக்கும்? வேறு ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துக் கற்றதிலிருந்து ஊகித்து வரையும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் வாப்பாவின் கண் இல்லை. விளையாட்டுக்குச் செய்து பாருங்கள். பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டிய பிரதியாக அதை வைக்காதீர்கள்.

இனி செய்முறை. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ், மெக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

ஒன்று. கெசட்டின் ஓரத்தில் வெள்ளைத் தூள் போல் தெரிந்தால் அது பூஞ்சணம். டெக்கில் போட வேண்டாம். நாடாவும் போகும், டெக்கும் போகும், அடுத்துப் போடும் கெசட்டுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

இரண்டு. கெசட்டிலிருந்து எடுக்கும்போது பில்டர் எதுவும் போடாதீர்கள். இழப்பில்லாத முறையில், அதாவது ஹப்வையூவி அல்லது எப்எப்வி1 போன்ற ஒன்றில் எடுங்கள். நான் மேலே சொன்ன 75 ஜீபியில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் குறைவாகவோ வரும். பெரிதுதான், ஆனால் இதுதான் உங்கள் மூலப் பிரதி. நாளைக்கு இதைவிட நல்ல பில்டர் வரும். அன்றைக்கு மூலம் கையில் இருக்க வேண்டும்.

மூன்று. பழைய வீடியோவில் ஒரு படம் இரண்டு பாதியாக, ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமாகப் பதிவாகியிருக்கும். கொம்பியூட்டரில் பார்த்தால் கை அசையும் இடத்தில் சீப்புப் பல் போல் கோடுகள் தெரியும். ஹேண்ட்பிரேக்கின் பில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதைத் தெரிவுசெய்து இதை முதலில் சரிசெய்யுங்கள். அந்தச் சீப்புப் பல்லும் மென்பொருளுக்கு மணல் போன்ற வீண் செலவுதான்.

நான்கு. படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டெக்கின் தலை மாறும் இடம் அது. அதையும் ஓரத்துக் கறுப்பையும் வெட்டிவிடுங்கள். யாரும் பார்க்காத அந்த வரிகள் செக்கனுக்கு 25 தரம் இடத்தைத் தின்கின்றன.

ஐந்து. இப்போது டீநொய்ஸ். என்எல்மீன்ஸ் என்பதைத் தெரிவுசெய்தால் அளவாக அல்ட்ராலைட் அல்லது லைட் போதும். டியூன் என்ற இடத்தில் டேப் என்று ஒன்று இருக்கும், அதைப் பரிசோதித்துப் பாருங்கள். கொம்பியூட்டர் பழையது, மெதுவாக ஓடுகிறது என்றால் எச்கியூடிஎன்3டி வேகமானது. எண் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு: நிறத்துக்குக் கொஞ்சம் கூட்டலாம், வெளிச்சத்துக்குக் கூட்டாதீர்கள். விஎச்எஸ் நாடாவில் நிறத்தின் விவரம் மிகக் குறைவு. சிவப்புக் கூறைச் சாரி கரைந்து வழிவது அதனால்தான். அதில் துடைத்தால் பெரிதாக ஒன்றும் இழப்பில்லை. முகத்தின் கோடும் தழும்பும் இருப்பது வெளிச்சத்தில்.

ஆறு. ஷார்ப்பன் போடாதீர்கள். துடைத்த மணலை அது திரும்பக் கொண்டுவரும்.

ஏழு. எச்.264 முறையில், தர எண்ணை, அதாவது ஆர்எப் என்பதை, 20 அளவில் வையுங்கள். எண் குறைந்தால் தரம் கூடும், பைலும் பெருக்கும். 18க்கும் 22க்கும் இடையில் உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்.

எட்டு. முழுக் கெசட்டையும் போட முன் மூன்று சின்னத் துண்டுகளில் பரிசோதியுங்கள். கிட்ட எடுத்த ஒரு முகம், இருட்டான ஒரு இடம், ஆட்கள் வேகமாக நடக்கும் ஓர் இடம். வீட்டில் மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் தேடுவது அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவும் செய்தபின், அனுப்பும் பிரதி சிறிதாக இருக்கும், முகம் முகமாக இருக்கும். மூலப் பிரதியை இரண்டு ஹாட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். ஒன்று கரையோரத்தில் என்றால் மற்றது உள்ளூரில் இருக்கட்டும். ஏன் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

அனுப்புவதிலும் கவனம் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது தன் பாட்டுக்கு இன்னொரு தரம் சுருக்கிவிடும். டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். யூடியூபிலோ பேஸ்புக்கிலோ போட முன் அதில் இருக்கும் பெண்களிடம் கேளுங்கள். 35 வருடத்துக்கு முன் சொந்தக்காரர் மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் அவர்கள் அந்தக் கமராவுக்கு முன்னால் நின்றார்கள். இது அமானிதம்.

கடைசியாக ஒன்று. பைல் தயாரானதும் மூத்தம்மா, பெரியம்மா, யார் இருக்கிறார்களோ அவர்களை உட்காரவைத்து, இதில் யார் யார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம், எந்தப் பக்கம், என்ன உடுப்பு, பெயர் என்ன. இரைச்சலை இன்னும் பத்து வருடம் கழித்தும் குறைக்கலாம். அந்தப் பெயர்களை அன்றைக்குச் சொல்ல ஆள் இருக்குமா தெரியாது.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நான் வீட்டில்தான். கெசட் வைத்திருக்கும் பெண்கள் கொண்டுவரலாம், சேர்ந்து செய்து பார்ப்போம். டெக் நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தால் கீழே கொமண்டில் சொல்லுங்கள், ஊரில் பலருக்கு உதவும். தயவுசெய்து கெசட்டை மட்டும் வீசிவிடாதீர்கள்.